மாமா வாங்கிய ஏழு பெட்டிகள்

தென்னாப்பிரிக்காவில் அடிக்கடி விமானம் ஏறுகிற ஆளுக்குச் சிகரெட் பழக்கமும் இருந்தால், அவன் சில இடங்களை மனப்பாடமாக வைத்திருப்பான். டர்பனில் வாசலை விட்டு வெளியே வந்து, டாக்ஸி வரிசையைத் தாண்டி, மணல் தொட்டி பக்கம் ஒதுங்க வேண்டும். கேப் டவுனில் காற்று தீக்குச்சியைப் பற்ற விடாது, ஏதாவது தூண் மறைவு தேட வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் மட்டும் பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போன பிறகும் புகை பிடிக்க ஒரு கண்ணாடி அறை உண்டு. எனக்கு இயந்திர உதிரிபாகம் விற்கிற வேலை. மாதத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக அலைகிறவன். இந்த மூலை முடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவன், போன மாதம் ஆக்லாந்து போனபோது, ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு காவலாளியிடமும் "இங்கே எங்கே புகை பிடிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு நடந்தேன். ஏனென்றால் பக்கத்தில் மாமா இருந்தார்.

மாமா என்றால் என் மாமனார். தேனியில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. காலையில் கண் விழித்ததும் ஒரு சிகரெட், சாப்பிட்டதும் ஒரு சிகரெட், மனசு சரியில்லையென்றால் கணக்கே கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரியவர்கள் சின்னவர்கள் முன்னால் தாராளமாகக் குடிக்கலாம். சின்னவர்கள் பெரியவர்கள் கண்ணில் படும்படி குடிக்கக் கூடாது. அதிலும் மாமனார் முன்னால் மாப்பிள்ளை பற்றவைப்பதா? பேச்சுக்கே இடமில்லை. நான் குடிப்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் தெரியாத மாதிரியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

போன காரியம் நல்ல காரியம் இல்லை. என் மனைவி கல்பனாவின் தம்பி முரளி இறந்துவிட்டான். ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, தகனினி என்கிற புறநகரில் சொந்த வீடு, மனைவி, ஒரு பெண் குழந்தை. காலையில் வேலைக்குப் போகும்போது மோட்டார்வேயில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. காரை ஒழுங்காக ஓரம் கட்டி, நாலு பக்க விளக்கையும் எரியவிட்டு, அப்படியே சாய்ந்துவிட்டான். முப்பத்தெட்டு வயசு. என்னத்தைச் சொல்ல!

அப்போது மாமாவும் அத்தையும் எங்களோடு ஜோகன்னஸ்பர்க்கில்தான் இருந்தார்கள். விசா கைக்கு வருவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. போனில்தான் பார்த்தோம். மாமா அந்தப் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை நின்றார். அத்தை படுத்த படுக்கையாகிவிட்டார். கல்பனா அவரை விட்டு நகர முடியவில்லை. அதனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமாவும் நானும் மட்டும் கிளம்பினோம்.

விமான நிலையம் போகிற வழியில் மாமா ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"படையல்ல அவனுக்குப் பிடிச்சது ஒண்ணு விடாம இருக்கணும் மாப்ள. கொள்ளி போடத்தான் குடுத்து வைக்கல. இதாவது குறையில்லாம செஞ்சுறணும். வெங்காய பஜ்ஜி வைக்கணும். கருவாட்டுக் குழம்பு. அப்பறம் சீரணி மிட்டாய், அது அங்க கெடைக்குமா?"

"பாத்துக்கலாம் மாமா."

"அப்பறம்..." என்று இழுத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார் என்று தெரிந்தது. நான் தோண்டவில்லை.

உள்ளே போனதும் அவர் கை சட்டைப் பையைத் தடவியது. நான் காவலாளியிடம் போய், புகை பிடிக்கிற இடம் எங்கே என்று பவ்யமாகக் கேட்டேன். அந்த மனுஷன் என்னை மாதாமாதம் அங்கே பார்க்கிறவர். முகமெல்லாம் சிரிப்பாக, "உங்க இடத்துக்கு நீங்களே வழி கேக்கறீங்களா?" என்றார். நல்லவேளை, இங்கிலீஷில் சொன்னார். மாமாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது.

மாமாவின் தீப்பெட்டியைச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். ஊர் டீக்கடையில் பந்தக்காலில் கயிறு புகைந்துகொண்டே தொங்குமே, அந்த மாதிரி இங்கே என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். கண்ணாடி அறைக்குள் ஒரு உயரமான ஆள், சுரங்கக் கம்பெனிச் சட்டை போட்டவர், தன் சிகரெட் நுனியை மாமாவின் சிகரெட் நுனியில் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். நான் இரண்டு பேர் பையையும் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கதவு திறக்கும்போதெல்லாம் வாசனை வந்து மூக்கைத் துளைத்தது. மச்சான் செத்துக் கிடக்கிறான், இந்த நாக்கு சிகரெட் கேட்கிறதே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

உள்ளே அந்த ஆளும் மாமாவும் ஏதோ பேசினார்கள். மாமாவிடம் இருப்பது நாலைந்து இங்கிலீஷ் வார்த்தை. வெளியே வந்த அந்த ஆள் என் தோளைத் தட்டி, "உங்க அப்பா குடுத்து வச்சவர். மகனைப் பாக்க அத்தனை தூரம் போறாராமே. எங்க வீட்டுப் பையன் பக்கத்து ஊர்லதான் இருக்கான், வான்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அப்புறம் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் நானும் அதே அறையில் ஒன்றை இழுத்துவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டே திரும்பி வந்தேன். மாமா பையை மடியில் வைத்து, ஜிப்பின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

விமானத்தில் அவர் தூங்கவேயில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தது. கோழியா காய்கறியா என்று கேட்டதற்கு, காரியம் முடிகிற வரை கவுச்சி வேண்டாம் என்றார். வந்தது வெந்தும் வேகாத காளிஃபிளவர். "நம்ம டிப்போ கேன்டீன் தேவல" என்று சொல்லிவிட்டு ரொட்டியை மட்டும் சாப்பிட்டார். நடுவில் விமானம் மாறிய ஊரில் உள்ளே புகைக்க இடமே கிடையாதாம். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, வெளியேதான் போக வேண்டும் என்றார். வெளியே போக வேண்டுமென்றால் அந்த நாட்டு விசா வேண்டும். ஒரு சிகரெட்டுக்கு விசாவா! மாமா இரண்டு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு அந்த நீளத் தாழ்வாரத்தில் போவதும் வருவதுமாக இருந்தார்.

ஆக்லாந்தில் இறங்கும்போது இருவருக்கும் கண் சிவந்திருந்தது. இறங்குகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில், புகையிலை ஏதாவது அளவுக்கு மேல் கொண்டு வருகிறீர்களா என்ற கேள்விக்கு, மாமாவிடம் கேட்காமலே நான் இல்லை என்று நிரப்பியிருந்தேன். அவர் சட்டைப் பையில் ஒரு திறந்த பெட்டி. அவ்வளவுதானே? சுங்க மேசையில் பையை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். திறக்கச் சொன்னார்கள்.

வேட்டி துண்டுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, பச்சைப் பெட்டி, கறுப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, நீளமாய் ஒல்லியாய் ஒன்று, தங்கக் கோடு போட்ட வெள்ளைப் பெட்டி. ஏழு பெட்டி. ஏழும் வேறு வேறு கம்பெனி. பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேனே!

அந்த அதிகாரி ஆஜானுபாகுவான பெண். பசிபிக் தீவு முகம். கழுத்தில் ஒரு பச்சைக் கல் தொங்கியது. கத்தவில்லை, முறைக்கவில்லை. "விற்பதற்கா?" என்று மட்டும் கேட்டார்.

"என்ன மாமா இது?" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

மாமா அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் எதைக் குடிப்பான்னு எனக்குத் தெரியல மாப்ள. அதான் கடையில ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வாங்கிட்டேன். நீங்க பாத்ரூம் போயிருந்தப்ப."

எங்கள் பக்கம் அப்படித்தான். பீடி குடித்தவருக்குப் பீடி, சிகரெட் குடித்தவருக்குச் சிகரெட், படையல் இலையில் பற்றவைத்தே வைப்போம். காரில் அவர் சொல்ல வந்து விழுங்கியது இதுதான். என் கோபமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது.

அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். இவருடைய மகன் இங்கே இறந்துவிட்டார், பதினாறாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைப்போம், மகன் எந்தச் சிகரெட் குடித்தார் என்று இவருக்குத் தெரியவில்லை.

"சொந்த மகன்தானே? எப்படித் தெரியாமல் போகும்?"

"எங்களில் மகன் அப்பா முன்னால் குடிக்க மாட்டான்."

அவர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணனுங்க தலை நரைச்ச பிறகும் சர்ச் ஹாலுக்குப் பின்னாடி போய்த்தான் குடிக்கறாங்க" என்றார். அப்புறம் சட்டத்தைச் சொன்னார். ஆளுக்கு ஐம்பது சிகரெட்தான் அளவு, எல்லாம் இவர் பையில் இருந்ததால் இவர் கணக்கு மட்டும்தான். சட்டைப் பையில் இருக்கிற பெட்டியோடு இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மற்றதற்கு வரி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட வேண்டும். அந்த ஊரில் அந்த வரி யானை விலை. தெரியாமல் எழுதியதற்கு எச்சரிக்கையோடு விடுகிறேன், அடுத்த முறை கேட்டு எழுதுங்கள் என்று எனக்கும் சேர்த்து ஒன்று வைத்தார்.

"எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?"

நான் மாமாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்களே எடுங்க மாப்ள. உங்களுக்குத் தெரியும்ல."

அட கடவுளே! இத்தனை வருஷம் கட்டிக்காத்த வேஷம், ஊர் பேர் தெரியாத ஒரு சுங்க மேசையில் கலைந்தது. முரளியும் நானும் ஜோடி போட்டுக் குடித்தவர்கள். அவன் கல்யாணத்துக்கு முன்னால் மாமாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோது, மாமா மத்தியானம் கண் அசந்ததும் பின்பக்கம் தண்ணித் தொட்டி மறைவில் நின்று ஒரே தீக்குச்சியில் இரண்டு பேரும் பற்றவைப்போம். "மச்சான், அப்பா எந்திரிச்சா இருமுங்க" என்பான். தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் குடித்த பெட்டி இலைக்கு வராது. தங்கக் கோடு போட்ட வெள்ளைப் பெட்டியை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

வெளியே வந்ததும் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. புகைக்கிற இடம் கட்டடத்தை விட்டுத் தள்ளி, கார்கள் போகிற பாதைக்கு அந்தப் பக்கம். தலைக்கு மேல் ஒரு கூரை, ஒரு இரும்புத் தொட்டி, பெஞ்சு கூடக் கிடையாது. யாரிடமோ நெருப்பு வாங்கி மாமா பற்றவைத்தார். தன் பெட்டியிலிருந்துதான். இரண்டு இழுப்பு இழுத்த பிறகு, "நீங்களும் பத்த வச்சுக்கங்க மாப்ள. அதான் தெரிஞ்சு போச்சே" என்றார்.

ராத்திரி பகல் தெரியாமல் வந்து இறங்கியிருக்கிறேன். உடம்பு அதற்குத்தான் ஏங்கியது. ஆனாலும் கை எழும்பவில்லை. "வேணாம் மாமா" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அழைத்துப் போக அன்ரன் வந்திருந்தான். முரளியின் மனைவி டிலானியின் அண்ணன். மன்னார்க்காரர்கள், கத்தோலிக்கர்கள். முரளியும் டிலானியும் ஆக்லாந்தில் படிக்கும்போது விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். கல்யாணம் தேனியில் நடந்தது. அதற்குப் பிறகு மாமாவுக்கும் மருமகளுக்கும் போன் பேச்சு மட்டும்தான்.

அன்ரன் மோட்டார்வேயில் நல்ல வேகமாகத்தான் ஓட்டினான். ஓரிடத்தில் மட்டும் தானாக வேகம் குறைந்தது. ஓரத்தில் புல், அதற்கு அப்பால் ஒரு மரவேலி, வேறொன்றுமில்லை. "இவ்விடத்திலதானோ?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவன் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. "ஓம் அண்ணை" என்றான். பின்சீட்டில் மாமா அந்த இடம் மறைகிற வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "நல்லா ஓரங்கட்டியிருக்கான். பின்னாடி வர்றவனுக்கு எடைஞ்சல் இல்லாம" என்றார். பஸ் ஓட்டியவர் அல்லவா, அதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

தகனினியில் தெருவெல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அன்ரனே ஒரு தடவை தப்பான சந்தில் திரும்பிவிட்டு வைதுகொண்டான். டிலானி வாசலில் நின்றாள். "வாங்கோ மாமா" என்று சொல்லிக் கிட்டே வந்தாள். மாமா அவள் தலையில் கையை வைத்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி நின்றார்.

சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும். சொதியை ஊற்றியதும் மாமா, "மோர்க்குழம்பாம்மா?" என்றார். "இல்லை மாமா, தேங்காய்ப்பால்." வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். செய்தி வந்ததிலிருந்து அவர் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்க்கவில்லை. பக்கத்துப் பகுதியான பிளாட் புஷ்ஷிலிருந்து முரளியின் சிநேகிதர் குடும்பங்கள் ஐஸ்கிரீம் டப்பாக்களில் சாம்பாரும் பொரியலும் கொண்டு வந்து கொடுத்தபடி இருந்தார்கள். நம் ஊரில் துக்க வீட்டுக்குத் தூக்குவாளியில் வரும். இங்கே டப்பா மேல் வனிலா என்று எழுதியிருக்கிறது, திறந்தால் ரசம்.

மறுநாள் படையல் சாமான் வாங்க மனுகாவ் கடைவீதிக்குப் போனோம். அன்ரனுக்கு வேலை, அதனால் பஸ். ஏறிய பஸ் எதிர்த்திசையில் போனது. பாதி ஆக்லாந்தைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் டிரைவரிடம் கேட்டேன். அவர் பஞ்சாப்காரர், இறங்க வேண்டாம், அப்படியே உட்காருங்கள், திரும்பும்போது விடுகிறேன் என்றார். மாமா அவர் ஸ்டியரிங் பிடிக்கிற அழகையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்தியக் கடையில் வாழை இலை ஃப்ரீசரில் விறைத்துக் கிடந்தது. சீரணி மிட்டாய் கிடைக்கவில்லை. ஜிலேபி வாங்கினோம்.

மால் வாசலில் மாமா பற்றவைக்கப் போக, ஒரு காவலாளி ஓடி வந்து சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். பஸ் நிறுத்தத்திலும் அதே பலகை. "பாக்குற எடமெல்லாம் கூடாதுங்கறான். இந்த ஊர்ல அவன் எங்க நின்னுதான் குடிச்சிருப்பான்?" என்று மாமா கேட்டார். குறைப்படுகிற குரலில் இல்லை. அவனுடைய இடத்தைத் தேடுகிற குரலில் கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், பலகை போட்ட திண்டில் மாமா நின்று குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே கண்ணாடிக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முரளியின் மகள் மீரா அடுப்படிப் பக்கம் வந்தாள். ஆறு வயது தாண்டவில்லை. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டு கேரட் எடுத்தாள். கழுவினாள். வெளியே போய் ஒன்றைத் தாத்தாவிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தான் கடிக்கத் தொடங்கினாள்.

மாமா ஒரு கையில் சிகரெட்டும் ஒரு கையில் கேரட்டுமாக முழித்தார். "என்ன கண்ணு இது?"

"கேரட் டைம், தாத்தா."

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து மீராவிடம் கேட்டேன். இந்த நேரத்துக்கு இங்கே வந்து நின்றால் கேரட் சாப்பிட வேண்டும், அப்பா தினமும் சாப்பிடுவார், நானும் சாப்பிடுவேன் என்று அவள் இங்கிலீஷில் விளக்கினாள். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

டிலானி கதவருகில் வந்து நின்றிருந்தாள். அவளாகவே சொன்னாள்.

"அவர் சிகரெட் பத்துறதை விட்டிட்டார் மாமா. இவள் பிறந்த அண்டைக்கு விட்டவர். பிறகு தொடவே இல்லை. பத்தோணும் போல வந்தால் இதிலை வந்து நிண்டு கரட் கடிப்பார். முதல் வருசம் சரியான கஷ்டப்பட்டவர். கை நடுங்கும், கோவம் வரும். ரெண்டு கிலோ கரட் ஒரு கிழமைக்குக் காணாது."

அவனைப் பற்றி எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அந்த மேசையில் வெள்ளைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேனே!

மாமா மெதுவாகக் கேட்டார். "எங்கிட்ட ஏம்மா சொல்லல? வாரா வாரம் போன் பண்ணுவானே."

"நான் எத்தினை தரம் சொன்னனான் மாமா, அப்பாவுக்குச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவார் எண்டு. விட்டதைச் சொல்லோணுமெண்டால் பத்தினதையும் சொல்லோணும், அதை எப்பிடி அப்பாவிட்டக் கதைக்கிறது எண்டு சிரிப்பார். அதாலதான் சொல்லேல்லை." கதவைப் பிடித்துக்கொண்டு, "சொல்ல ஆசை இருந்தது மாமா. எனக்குத் தெரியும்" என்றாள்.

மாமா கையிலிருந்த சிகரெட் சாம்பலாகி விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டார். "எழுவத்திரெண்டு வயசுல நான் ஊதிக்கிட்டு நிக்கிறேன். விட்டவன் போயிட்டான். இது என்ன நியாயம் மாப்ள?" என்றார். மீரா தன் கேரட்டைத் தின்று முடித்துவிட்டு, தாத்தா சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா ஒரு கடி கடித்தார். பல்லில்லாத பக்கம் போய்விட்டது, வலப்பக்கம் தள்ளி மென்று விழுங்கினார்.

மறுநாள் பதினாறு. முன்னறையில் முரளியின் படம். அதற்கு ஒரு பக்கம் குத்துவிளக்கு, மறுபக்கம் டிலானி ஏற்றிய மெழுகுவர்த்தி. கறுத்துப் போன ஃப்ரீசர் வாழை இலையை மாமாவே துடைத்து விரித்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, வெங்காய பஜ்ஜி, ஜிலேபி. கருவாடு டிலானி வைத்த மன்னார்க் குழம்பு. ஒவ்வொன்றையும் மாமா தன் கையால் எடுத்து வைத்தார். அன்ரன் ஒரு லைட்டரைத் தயாராகக் கையில் வைத்திருந்தான். அவனுக்கு முந்தின நாள் பேச்சு தெரியாது. சிகரெட் வைக்க வேண்டும் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அறைக்குப் போய் மாமாவின் பையிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து, பிரிக்காமல் அவர் பக்கத்தில் வைத்தேன். வைப்பதா வேண்டாமா என்று நான் யார் சொல்ல?

மாமா அதைப் பார்த்தார். எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, தோல் சீவுகிற சத்தம் கேட்டது. ஒரு கேரட்டைச் சுத்தமாகச் சீவி, நுனியும் காம்பும் நறுக்கி எடுத்து வந்து, இலையில் வலது கை எட்டுகிற பக்கமாக வைத்தார். மீரா ஓடிப் போய் அது சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

சூடத்தைக் காட்டியதும் எல்லோரும் கும்பிட்டோம். மாமா கும்பிடவில்லை. மகனுடைய படத்துக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காது மந்தமானவரிடம் பேசுகிற மாதிரிச் சத்தமாக, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"டேய் முரளி, நீ பொறந்ததுல இருந்து நானும் விடணும் விடணும்னு பாக்குறேன்டா. ஒரு வாரம் தாண்டுனதில்ல. நீ விட்டுக் காட்டிட்ட. பெரிய காரியம்டா இது. கெட்டிக்காரன்டா நீ!"